பிளேக்கின் ரிலீஃப் எச்சிங் முறையில் எட்டுப் பக்க நூல்: எழுத்து உடைகிறது, வெற்றிடம் மை பிடிக்கிறது

குறுந்தாள் கேட்டது:

வணக்கம். ஆங்கிலக் கவிஞரும் ஓவியருமான வில்லியம் பிளேக் தன் பாடல்களை அச்சிட்ட ரிலீஃப் எச்சிங் முறையில் (எழுத்தை வார்னிஷால் மூடி, சுற்றிலும் உள்ள செம்பை அரித்து, மேடாக நிற்கும் எழுத்தில் மை ஏற்றுவது), எழுத்தும் படமும் ஒரே செம்புத் தகட்டில் இருக்கும்படி, எட்டுப் பக்கத்தில் ஒரு சிறு தமிழ்க் கவிதை நூல் செய்கிறேன். தகடு 11 × 7 செ.மீ., கனம் 1 மி.மீ. ஸ்பிரிட்டில் கரைத்த ஷெல்லாக் அரக்கைத் தொட்டு இரும்பு நிப்பால் எழுதி, காய்ந்ததும் செம்பை அரிக்கும் ஃபெரிக் குளோரைடில் மூன்று மணி நேரம் போட்டேன். மை ஏற்றுவது கை ரோலரால், அச்சு எச்சிங் பிரஸ்ஸில்.

வரும் கோளாறுகள்: மெல்லிய கோடுகள் நடுநடுவே அறுந்துபோகின்றன. புள்ளிகள் மொத்தமாகக் காணாமல் போகின்றன. ண, ஞ, இ மாதிரி சுழி உள்ள எழுத்துகளில் உள்வெளி அடைத்துக்கொள்கிறது. வரிகளுக்கு இடையே வெறுமையாக விட்ட இடமெல்லாம் மை ஒட்டி அழுக்காகிறது. இன்னும் ஆழமாக அரித்தால் சரியாகுமா?

கூடவே இரண்டு சந்தேகம். பிளேக் இத்தனை பக்கத்தையும் கண்ணாடி எழுத்தாகத்தான் எழுதினாரா, அல்லது தாளில் நேராக எழுதித் தகட்டுக்கு மாற்றினாரா? இவரைத்தான் ‘கலைஞர் நூல்’ (நூலையே ஒரு கலைப்படைப்பாகச் செய்வது) என்ற வகையின் தொடக்கம் என்கிறார்கள், அது எவ்வளவு சரி?

---

தகட்டுக்காரன்:

இன்னும் ஆழமாக அரித்தால் எழுத்தே மிஞ்சாது. கோளாறு ஆழம் போதாமையில் இல்லை, ஆழம் அதிகமானதில்.

அரிப்பு கீழ்நோக்கி மட்டும் போவதில்லை, பக்கவாட்டிலும் தின்னும். நல்ல ஃபெரிக் குளோரைடில்கூட இறங்கும் ஆழத்தில் பாதிக்கு மேல், சில வேளை அதே அளவு, கோட்டின் இரு பக்கமும் உள்ளே போகும். 0.5 மி.மீ. அகலக் கோட்டை 0.3 மி.மீ. ஆழத்துக்கு அரித்தால் இடமும் வலமும் சேர்ந்து 0.3 முதல் 0.6 மி.மீ. வரை பறிபோகும். கோடு அறுவதில் என்ன வியப்பு? புள்ளி நிலைமை இன்னும் மோசம், அதை நாலாபக்கமும் தின்கிறது. ஓலையில் எழுதியவர்கள் புள்ளியே வைக்காமல் விட்டார்கள். நமக்கு அந்தச் சலுகை கிடையாது, எனவே தகட்டில் புள்ளியை 1 மி.மீ. விட்டத்துக்குக் குறையாமல் போடுங்கள். அச்சில் அது சரியான அளவுக்கு வந்து நிற்கும்.

பிளேக்கின் ரிலீஃப் தகடுகளில் இன்று மிஞ்சியிருப்பது ‘அமெரிக்கா’ நூலுக்காகச் செய்து கைவிட்ட ஒரு தகட்டின் துண்டு மட்டும். வாஷிங்டனில் ரோசன்வால்ட் தொகுப்பில் இருக்கிறது. அதில் அளந்த ஆழம் ஏறக்குறைய 0.12 மி.மீ. அவ்வளவுதான், தபால் அட்டையின் கனம்கூட இல்லை. அதையும் ஒரே மூச்சில் அரிக்கவில்லை, இரண்டு படியாக இறங்கியிருப்பது துண்டிலேயே தெரிகிறது. முதல் அரிப்புக்குப் பிறகு அமிலத்தை வடித்து, பலவீனமான கோடுகளின் தோள்மேல் மறுபடி வார்னிஷ் தடவி, பிறகு இரண்டாம் அரிப்பு.

உங்கள் வார்னிஷையும் மாற்றுங்கள். ஷெல்லாக் காய்ந்தால் கண்ணாடி மாதிரி நொறுங்கும். நிப் அழுத்திய கோட்டின் நடுவில் படலம் மெலிந்து ஓரத்தில் திரளும், அந்த மெலிந்த நடுவழியாகத்தான் திரவம் நுழைகிறது. தார் வார்னிஷ்தான் இதற்கு உரியது. பெயின்ட் கடையில் கிடைக்கும் பிளாக் ஜப்பான் அல்லது பிடுமன் பெயின்ட்டை டர்பன்டைனில் இளக்கி, நிப்பிலிருந்து ஓடும் பதத்துக்குக் கொண்டுவாருங்கள். பாலேடு பதம் போதும். தண்ணீர் பதமானால் கோடு பரவும், செம்பின் நிறம் ஊடே தெரியும். எழுதிய பின் தகட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். பழுப்பாகத் தெரியும் இடம் மெலிவு, கருப்பாகத் தெரிவது போதுமான கனம். பழுப்பு இடங்களை மெல்லிய தூரிகையால் இரண்டாம் கை கொடுங்கள். இரவு முழுக்கக் காய விடுங்கள்.

அதற்கு முன் கொழுப்பு நீக்கம். சாக்குப் பொடியில் சில துளி அமோனியா விட்டுத் துணியால் தேய்த்துக் கழுவினால் தண்ணீர் தகடு முழுக்க ஒரே படலமாக நிற்க வேண்டும். முத்து முத்தாகத் திரண்டால் இன்னும் எண்ணெய் இருக்கிறது என்று பொருள், அந்த இடத்தில் வார்னிஷ் உரியும். கழுவிய பின் விரல் படக் கூடாது. தகட்டின் முதுகில் பேக்கிங் டேப் ஒட்டி மூடிவிடுங்கள்.

ஃபெரிக் குளோரைடு 42 போமே அடர்த்தி, 30 டிகிரி சூடு, மெதுவான ஆட்டம் என்றால் 0.12 முதல் 0.15 மி.மீ. ஆழத்துக்கு ஏறக்குறைய முக்கால் மணி நேரம். பழைய கரைசலானால் இரட்டிப்பாகும். எனவே கடிகாரத்தை நம்பாதீர்கள். அதே செம்பில் ஒரு பட்டையை வெட்டி, பாதிக்கு வார்னிஷ் அடித்து, தகட்டோடு சேர்த்துப் போடுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்து வார்னிஷ் இல்லாத பாதியின் கனத்தை ஸ்க்ரூ கேஜில் அளந்தால் ஆழம் தெரிந்துவிடும். பட்டையின் முதுகையும் மூட மறக்காதீர்கள், இல்லையென்றால் இரண்டு பக்கமும் தேய்ந்து அளவு இரட்டிப்பாகக் காட்டும்.

தகட்டை முகம் கீழே இருக்கும்படி, நான்கு மூலையில் பிளாஸ்டிக் முட்டுக் கொடுத்து வையுங்கள். முகம் மேலே இருந்தால் அரிப்பில் உண்டாகும் வண்டல் பள்ளத்திலேயே தங்கி அரிப்பை மட்டுப்படுத்தும், அடித்தளம் மேடும் பள்ளமுமாகும். சிட்ரிக் அமிலக் கரைசலை நான்குக்கு ஒன்று என்ற அளவில் கலந்தால் (1990களில் எடின்பரோவில் வந்த முறை இது) வண்டல் கரைந்துவிடும், முகம் மேலே வைத்தே வேலை பார்க்கலாம், விளிம்பும் கூர்மையாக நிற்கும்.

20 நிமிடத்தில் முதல் நிறுத்தம். கழுவி, காய வைத்து, அறுந்துவிடும் போலிருக்கும் கோடுகளுக்கும் புள்ளிகளுக்கும் வார்னிஷ் தொட்டுவிட்டு மறுபடி இறக்குங்கள். 1850இல் பாரிஸில் ஃபிர்மான் ஜிலோ காப்புரிமை எடுத்த துத்தநாக பிளாக் முறையிலும் இதே தந்திரம்தான். ஒவ்வோர் அரிப்புக்குப் பிறகும் மேட்டில் மை ஏற்றித் தகட்டைச் சூடாக்கினால் மை உருகிப் பக்கச் சுவரில் வழிந்து அதை மூடும். அப்புறம் ஆழமாக அரித்தாலும் கோடு நிற்கும். உங்களுக்கு அவ்வளவு ஆழம் தேவையில்லை.

---

பழைய பிரஸ்:

கண்ணாடி எழுத்தா, மாற்றுத்தாளா என்பது நெடுங்காலச் சண்டை. இப்போது ஏறத்தாழ ஓய்ந்துவிட்டது: நேரடியாகத் தகட்டில், தலைமாற்றித்தான் (கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாற்றி) எழுதினார்.

மாற்றுத்தாள் கட்சி வலுத்தது 1947இல். நியூயார்க்கில் இயங்கிய அட்டெலியே 17 அச்சுப் பட்டறையில், அதை நடத்திய ஸ்டான்லி வில்லியம் ஹேட்டர், கவிஞர் ரத்வென் டாட், ஓவியர் ஹ்வான் மீரோ மூவரும் சேர்ந்து பிளேக்கின் முறையைக் கண்டுபிடிக்கப் பார்த்தார்கள். சோப்பும் கருவேலம் பிசின் வகைக் கோந்தும் பூசிய தாளில், தாரும் ரெசினும் பென்சீனில் கரைத்த திரவத்தால் நேராக எழுதுவது. அந்தத் தாளைச் சூடான தகட்டின் மேல் கவிழ்த்து பிரஸ்ஸில் ஓட்டி, தண்ணீரில் ஊற வைத்துத் தாளை உரித்தால் எழுத்து தகட்டில் தலைமாறி ஒட்டியிருக்கும். முறை வேலை செய்தது. ஆனால் ஒரு முறை வேலை செய்வதாலேயே பிளேக் அதைத்தான் செய்தார் என்றாகாது.

பிளேக் ஆய்வாளர்களான ராபர்ட் எஸிக்கும், பிறகு 1993இல் ஜோசஃப் விஸ்கோமியும் சொன்ன மறுப்பு வேலைக்காரனின் மறுப்பு. பிளேக் 1772 முதல் 1779 வரை ஜேம்ஸ் பசயரிடம் செதுக்குத் தொழில் பயின்றவர். தலைமாற்றிப் பார்ப்பதும் எழுதுவதும் அந்தத் தொழிலின் அன்றாடம். மாற்றுத்தாள் சூட்டிலும் அழுத்தத்திலும் நசுங்கும். பிளேக்கின் பக்கங்களில் எழுத்தும் கொடியும் ஒன்றோடொன்று இணைந்து ஓடும் துல்லியத்தை அதில் கொண்டுவருவது கஷ்டம். எல்லாவற்றையும்விட, ‘ஜெரூசலம்’ நூலில் ஒரு பக்கத்தில் ராட்சத உருவத்தின் பக்கத்தில் விரிந்த சுருளில் உள்ள வாசகம் அச்சில் தலைமாறி இருக்கிறது. அதாவது தகட்டில் அதை மட்டும் நேராக எழுதியிருக்கிறார், விளையாட்டாக. இரண்டு வகையும் கைவந்தவர் செய்யும் காரியம் அது.

தம்பி ராபர்ட் 1787இல் இறந்த பிறகு அவர் ஆவி வந்து இந்த முறையைச் சொல்லிக்கொடுத்ததாக ஜே. டி. ஸ்மித் 1828இல் எழுதிவைத்தார். ஆவி சொன்னதோ இல்லையோ, தொடங்கிய ஆண்டை பிளேக்கே 1822இல் ‘ஆபெலின் ஆவி’ நூலின் கடைசியில் பொறித்திருக்கிறார்: தன் முதல் ஸ்டீரியோடைப் (இந்த முறையில் செய்த தகட்டை அப்படிச் சொல்கிறார்) 1788 என்று. அவர் குறிப்பேட்டிலும் ஒரு சிறு செய்முறை உண்டு. செம்பில் மரச்செதுக்கு மாதிரி வேண்டுமானால் வழக்கம்போல் மேற்பூச்சு இட்டு, கருப்பை விட்டு வெள்ளையை அரி என்கிறது. வெள்ளைக் கோட்டு வேலைக்கு அது.

உங்கள் வேலைக்கு: பென்சீன் பக்கம் போக வேண்டாம், அது புற்றுநோய் தரும் பொருள். டிரேசிங் தாளில் நேராக எழுதி, கவிழ்த்து, கீழே சிவப்புச் சாக்கு தேய்த்த தாளை வைத்துத் தகட்டில் மெலிதாக நகல் எடுங்கள். பிறகு வார்னிஷால் அந்தத் தடத்தின் மேல் எழுதுங்கள். தமிழில் தலைமாற்றி எழுதும்போது கை தடுமாறுவது கொம்பிலும் சுழியிலும்தான். எ, ஒ இரண்டும் தலைமாறியும் ஏறக்குறைய பழக்கமான உருவமாகத் தெரிவதால் கண் ஏமாறும். தடம் இருப்பதால் வரியின் கடைசியிலிருந்து தொடங்கி இடமிருந்து வலமாக எழுதுங்கள், இல்லையென்றால் எழுதிய ஈர வார்னிஷிலேயே கை படும். இடக்கைக்காரர்களுக்கு வழி மாறும்.

குறுக்கு வழி வேண்டுமானால் எலக்ட்ரானிக்ஸ்காரர்கள் சர்க்யூட் போர்டுக்குச் செய்வதுதான்: கையெழுத்தை ஸ்கேன் செய்து, வழவழத் தாளில் லேசர் பிரின்ட் எடுத்து, இஸ்திரிப் பெட்டியால் தகட்டில் ஒட்டி, ஊற வைத்து உரிப்பது. தலைமாற்றாமல் பிரின்ட் எடுக்க வேண்டும். தாளிலிருந்து தகட்டுக்குப் போகையில் ஒருமுறை, தகட்டிலிருந்து அச்சுத்தாளுக்குப் போகையில் ஒருமுறை என இரண்டு முறை திரும்புகிறது. டோனரில் ஊசித்துளைகள் இருக்கும், கருமையான பரப்புகளை வார்னிஷால் மூடியாக வேண்டும்.

---

குறுந்தாள்:

இருவருக்கும் நன்றி. ஒன்று புரியவில்லை. 0.3 மி.மீ. ஆழத்திலேயே வெற்றிடம் மை பிடிக்கிறதே, 0.12க்குக் குறைத்தால் பக்கம் முழுக்கக் கருத்துவிடாதா?

---

தகட்டுக்காரன்:

ரோலரை இப்போது ஓட்டுகிற மாதிரியே ஓட்டினால் கருக்கும். கணக்கு போட்டுப் பாருங்கள். 5 செ.மீ. விட்டமுள்ள கெட்டி ரோலர், குறுக்கே 5 மி.மீ. இடைவெளியைக் கடக்கும்போது ஏறக்குறைய 0.125 மி.மீ. உள்ளே இறங்கும். பிளேக்கின் பள்ளத்தின் அடியைத் தொட அதுவே போதும். இடைவெளி 10 மி.மீ. என்றால் அரை மில்லிமீட்டர் இறங்கும். 0.3 மி.மீ. ஆழம் உங்களைக் காப்பாற்றாதது இதனால்தான். இடைவெளி இரண்டு மடங்கானால் இறக்கம் நான்கு மடங்காகிறது, அரித்து அரித்து அதை எட்டிப் பிடிக்க முடியாது.

ஆகவே ரோலருக்கு இறங்க இடம் கொடுக்கக் கூடாது. தகட்டின் இரண்டு நீள ஓரங்களிலும் 3 மி.மீ. அகலத்துக்கு வார்னிஷ் அடித்து மேடாகவே விடுங்கள். ரோலர் இந்த இரண்டு தண்டவாளங்களின் மேல் ஓடும், நடுவில் விழாது. தகட்டு அகலத்தைவிட ரோலர் நீளமாக இருக்க வேண்டும், ஓட்டுவதும் தண்டவாளத்தின் நீளவாக்கில்தான். பிறகு துணி சுற்றிய விரலால் அந்த ஓரங்களில் ஏறிய மையைத் துடைத்துவிட்டு அச்சிடுங்கள். பிளேக்கின் தகடுகளிலும் இந்த ஓர மேடு இருந்தது. அவர் தகட்டின் விளிம்பில் மெழுகால் வரப்பு கட்டி அதற்குள் அமிலத்தை ஊற்றியதால், மெழுகுக்கு அடியில் இருந்த செம்பு அரியாமல் நின்றது. அதை ஒவ்வொரு முறையும் துடைத்திருக்கிறார். சில பிரதிகளில் துடைக்கத் தவறிய மைத்தடம் இன்றும் தெரிகிறது.

அவர் காலத்தில் ரோலர் புழக்கத்தில் இல்லை. துணியோ தோலோ சுற்றிய தட்டையான ஒத்துப்பந்தில் கெட்டி மையை மிக மெலிதாகத் தடவி ஒத்தியெடுத்தார். தட்டையான அடிப்பரப்பு பள்ளத்தில் புகாது. வரிகளுக்கிடையே அவர் நிரப்பிய கொடி, பறவை, சின்னஞ்சிறு மனித உருவங்களை வெறும் அழகாக மட்டும் பார்க்காதீர்கள். ஒத்துப்பந்தையும் காகிதத்தையும் தாங்கும் தூண்களாகவும் அவை வேலை செய்கின்றன. உங்கள் வரைவில் 6, 7 மி.மீ.க்கு மேல் வெறுமை இருந்தால் அங்கே ஏதாவது ஒன்றை வளர விடுங்கள்.

மூன்றாவது வழி ஹேட்டர் கூட்டம் கண்டது. எதுவும் பொறிக்காத ஒரு தகட்டில் மையை மெலிதாக உருட்டி, அதன்மேல் எழுத்துத் தகட்டைக் கவிழ்த்து பிரஸ்ஸில் மிக இலேசாக ஓட்டுவது. இரண்டும் சமதளம் என்பதால் மேட்டில் மட்டும் மை மாறும். பிளேக் இப்படிச் செய்யவில்லை, அவர் பள்ளங்களில் ஒத்துப்பந்துத் தடம் இருக்கிறது. ஆனால் சுத்தமான பிரதி வேண்டுமானால் இதைவிடச் சிறந்த வழி எனக்குத் தெரியாது. நேரம்தான் பிடிக்கும்.

மை: எச்சிங் மை இதற்கு இளகல். மக்னீசியம் கார்பனேட் பொடியைத் தூவிக் கத்தியால் பிசைந்து, தூக்கினால் சட்டென்று அறுகிற பதத்துக்குக் கொண்டுவாருங்கள். சுழி அடைப்பதற்கு முதல் காரணம் இளகல் மை, இரண்டாவது காரணம் எழுத்தின் அளவு. ண, ணை, ஞ, இ ஆகியவற்றின் உள்வெளி 1 மி.மீ.க்குக் குறைந்தால் எந்த மையும் அடைக்கும். 11 × 7 தகட்டில் தமிழ் பத்துப் பன்னிரண்டு வரிக்கு மேல் தாங்காது.

பிரஸ்: எச்சிங்குக்குப் போடும் தடித்த கம்பளிகளை எடுத்துவிடுங்கள். மெத்தென்றிருந்தால் காகிதம் பள்ளத்துக்குள் அழுந்தி அடியில் உள்ள அழுக்கையும் எடுத்துவரும். வழவழப்பான ஓர் அட்டை, இரண்டு தாள், மேலே ஒரு மெல்லிய கம்பளி போதும். அச்சிட்ட தாளின் முதுகைத் தடவினால் எழுத்து தட்டுப்படக் கூடாது.

---

இளவேனில்:

கலைஞர் நூல் கேள்விக்கு வருகிறேன். ‘தொடக்கம்’ என்று சொன்னால் சண்டை வரும், ஏனென்றால் அந்தப் பெயருக்குக் கீழே இரண்டு வேறு சரக்கு இருக்கிறது.

ஒன்று பிரெஞ்சுக்காரர்களின் ஆடம்பரப் பதிப்பு. பாரிஸ் கலை வணிகர் ஆம்ப்ருவாஸ் வோலார் 1900இல் வெளியிட்ட ‘பாராலெல்மான்’ நல்ல எடுத்துக்காட்டு. கவிதை வெர்லேனுடையது, அவர் 1896இலேயே இறந்துவிட்டார். படம் பியேர் பொன்னார் ரோஜா நிறத்தில் போட்ட கல்லச்சு, கல்லச்சு வேலை ஓகுஸ்த் க்ளோ, எழுத்துக் கோத்தது அரசு அச்சகம். நூல் எவ்வளவு சிற்றின்பமானது என்பது புரிந்ததும் தன் முத்திரையை எடுக்கச் சொல்லி அரசு அச்சகம் பதறியது தனிக்கதை. அப்போது அது விற்கவும் இல்லை. 1947இல் தேரியாத் வெளியிட்ட மத்தீஸின் ‘ஜாஸ்’ இதே வழியில் வந்ததுதான். வெட்டிய வண்ணத்தாள் படங்கள் ஸ்டென்சில் முறையில் இருபது, இடையில் மத்தீஸின் தடித்த கையெழுத்து. 250 பிரதி.

இன்னொன்று 1963இல் அமெரிக்காவில் ஓவியர் எட் ரூஷே போட்ட ‘இருபத்தாறு பெட்ரோல் நிலையங்கள்’. ஆஃப்செட் அச்சு, முதல் பதிப்பு 400 பிரதி, சில டாலர் விலை. காங்கிரஸ் நூலகம் வேண்டாம் என்று திருப்பி அனுப்பியதையே மறு ஆண்டு ‘ஆர்ட்ஃபோரம்’ இதழில் விளம்பரமாகப் போட்டார்.

பிளேக் இதில் எந்தப் பக்கம்? பலர் வோலார் பக்கம் சேர்க்கிறார்கள், காரணம் அழகும் அரிதும். எனக்கு அது தவறாகப் படுகிறது. வோலார் நூலில் கவிஞர், ஓவியர், அச்சர், பதிப்பாளர் நால்வரும் வேறு வேறு ஆள். பிளேக் வீட்டில் எழுத்து, வரைவு, அரிப்பு, அச்சு, விற்பனை எல்லாம் கணவனும் மனைவியும். கேதரின் 1782இல் திருமணப் பதிவேட்டில் பெருக்கல் குறி இட்டுக் கையெழுத்துப் போட்டவர். பின்னாளில் பிரஸ் ஓட்டவும் வண்ணம் தீட்டவும் அவர்தான் துணை. 1793 அக்டோபர் 10 தேதியிட்ட விளம்பரத் தாளில் பிளேக் பெருமைப்படுவதும் அரிது என்றல்ல, மலிவு என்றுதான். ஓவியனையும் கவிஞனையும் இணைக்கும் இந்த முறையில் செலவு கால்பங்குக்கும் குறைவு என்கிறார். ‘களங்கமின்மைப் பாடல்கள்’ 5 ஷில்லிங், ‘அமெரிக்கா’ 10 ஷில்லிங் 6 பென்ஸ். 1789இல் களங்கமின்மைக்குச் செய்த தகடுகளின் முதுகிலேயே 1794இல் ‘அனுபவப் பாடல்களை’ அரித்தார். செம்பு விலை அப்படி.

விலை எப்படி ஏறியது என்று பாருங்கள். 1818இல் டாசன் டர்னருக்கு எழுதிய கடிதத்தில் அதே களங்கமின்மைப் பாடல்கள் 28 தகடு, 3 பவுண்ட் 3 ஷில்லிங். 1827இல், இறப்பதற்குச் சில மாதம் முன்பு, நண்பர் கம்பர்லண்டுக்கு எழுதுகையில் இரண்டு பாடல் தொகுதியும் சேர்த்துப் பத்துப் பவுண்ட் பத்து ஷில்லிங். ‘ஜெரூசலம்’ நூறு தகடு, வாங்க ஆள் கிடைக்காது என்று அவரே சொல்கிறார். மலிவு அச்சாகக் கிளம்பியது ஒவ்வொரு பிரதியும் தனி ஓவியம் என்ற இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. பிற்காலப் பிரதிகளில் தாளின் ஒரே பக்கம் அச்சு, கனத்த வண்ணம், சுற்றிலும் சட்டக்கோடு.

---

பழைய பிரஸ்:

இளவேனில் சொன்னதில் கடைசி வரியோடு மட்டும் ஒரு திருத்தம். ‘ஒவ்வொரு பிரதியும் தனி’ என்றால், யாராவது கேட்டபோது ஒன்று ஒன்றாக அச்சிட்டார் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். விஸ்கோமி காகிதத்தையும் மை நிறத்தையும் ஒப்பிட்டுக் காட்டியது வேறு. ஒரு தகட்டை மை ஏற்றினால் பல தாள் எடுத்து, பிரதிகளைத் தொகுதி தொகுதியாகச் சேர்த்துவைத்து விற்றார். வண்ணத்தின் வேறுபாட்டில் பெரும்பகுதி எந்தத் தொகுதி என்பதைப் பொறுத்தது.

1794, 95 வாக்கில் வண்ணத்தையே அச்சில் ஏற்றினார். பசை கலந்த கெட்டி வண்ணத்தை மேட்டிலும் ஆழமற்ற பள்ளத்திலும் தடவி அச்சிட்டார். எழுத்துக்கு ஒருமுறை, வண்ணத்துக்கு ஒருமுறை என இரண்டு தடவை ஓட்டினார் என்று மைக்கேல் ஃபிலிப்ஸ் 2000இல் வாதிட்டார். எஸிக்கும் விஸ்கோமியும் ஒரே தடவைதான் என்றார்கள். இரண்டு தடவை ஓட்டினால் எங்காவது பொருத்தம் பிசகி இரட்டைக்கோடு தெரிந்திருக்கும். அது அபூர்வமாகவே தெரிகிறது. நான் ஒருமுறைக் கட்சி.

பள்ளம் ஆழமற்றது என்பதால்தான் இது முடிந்தது என்பதைக் கவனியுங்கள், குறுந்தாள். 0.12 மி.மீ. பள்ளத்தின் அடியிலிருந்தும் ஈரக் காகிதம் வண்ணத்தை எடுத்துக்கொள்ளும். அட்டெலியே 17இல் பள்ளத்துக்கு ஒரு நிறம், மேட்டுக்கு ஒரு நிறம் என்று ஒரே ஓட்டத்தில் அச்சிடும் வேலை பின்னர் வேறு உயரத்துக்குப் போனது. அதில் பெரும்பங்கு கிருஷ்ணா ரெட்டிக்கு. சாந்திநிகேதனில் படித்து, 1947 முதல் 1949 வரை சென்னை கலாக்ஷேத்ராவில் ஓவியப் பிரிவைப் பார்த்துக்கொண்டு, பிறகு லண்டன் வழியாகப் பாரிஸ் போனவர். அவர்கள் வளர்த்த விஸ்காசிட்டி முறையில் முதலில் கெட்டி ரோலரால் எண்ணெய் மிகுந்த மை மேட்டுக்கு, பிறகு மெத்தென்ற ரோலரால் எண்ணெய் குறைந்த மை பள்ளத்துக்கு. எண்ணெய் மிகுந்த பரப்பு இரண்டாவது மையை ஏற்காமல் தள்ளிவிடும். உங்கள் தகட்டிலேயே இதைச் செய்யலாம். பக்கத்தின் பின்னணியில் வெளிர் மஞ்சளோ சாம்பலோ வேண்டுமானால் தனித்தகடு தேவையில்லை. இங்கே ஓர மேடு இடைஞ்சல். மெத்தென்ற ரோலர் ஓட்டிய பிறகே ஓரத்தைத் துடையுங்கள்.

---

நூற்கட்டு:

காகிதம் பற்றி யாரும் பேசவில்லையே. இத்தனை ஆழமற்ற தகட்டுக்குச் சொரசொரப்பான கைக்காகிதம் ஆகாது. நார் மேடுகளில் மட்டும் மை பட்டு எழுத்து புள்ளி புள்ளியாக வரும். பிளேக் பயன்படுத்தியது வாட்மன் போன்ற, கம்பிவரி இல்லாத சமதளக் காகிதம். நீங்கள் 160 முதல் 200 ஜி.எஸ்.எம். வழவழப்பான பருத்திக் காகிதம் பாருங்கள். கைக்காகிதம்தான் வேண்டுமென்றால், ஈரப்படுத்திய தாளை வெறும் தகட்டின்மேல் வைத்து பிரஸ்ஸில் நல்ல அழுத்தத்தில் ஒருமுறை ஓட்டிப் பரப்பைச் சமமாக்கிவிட்டு அப்புறம் அச்சிடலாம்.

ஈரம்: ஒன்றுவிட்டு ஒரு தாளைத் தண்ணீரில் முக்கி அடுக்கி, பிளாஸ்டிக்கில் சுற்றி, மேலே பாரம் வைத்து ஓர் இரவு. காலையில் தாள் தொட்டால் குளிர வேண்டும், பளபளக்கக் கூடாது. பளபளத்தால் எண்ணெய் மையைத் தள்ளும். சென்னை ஈரப்பதத்தில் இரண்டு நாளுக்கு மேல் அப்படியே வைத்தால் பூஞ்சை வரும்.

இரண்டு பக்கமும் அச்சிடுவதானால் எட்டுப் பக்கத்துக்கு நான்கு இதழ். முதல் பக்கம் அச்சானதும் டிஷ்யூ இடையிட்டு ஒரு வாரமாவது காய விட்டு, மறுபடி ஈரப்படுத்தி அடுத்த பக்கம். அவசரப்பட்டால் முதல் பக்கத்து மை அடியில் விரித்த தாளில் ஒட்டிக்கொண்டு வரும். ஈரத்தில் காகிதம் நாரோட்டத்துக்குக் குறுக்கே கூடுதலாக விரியும். எல்லா இதழிலும் நாரோட்டம் முதுகுக்கு இணையாக இருக்கும்படி வெட்டுங்கள், இல்லையென்றால் ஒரு பக்கத்தின் பின்னால் இன்னொன்று பொருந்தாமல் நகர்ந்து நிற்கும்.

தையல்: பிளேக் பிரதிகள் பலவும் முதுகோரம் மூன்று துளை குத்தி நூல் கோத்து, சாதாரணத் தாள் உறை போட்டு விற்றவை. தோல் பைண்டிங் எல்லாம் வாங்கியவர்கள் பிறகு போட்டது. நீங்களும் மூன்று துளையே போடுங்கள். துளை முதுகிலிருந்து 6 மி.மீ., ஆனால் இந்தத் தையலில் இதழ் முழுதாக விரியாது; 12 மி.மீ. வரை மடிப்புக்குள் மறையும். ஆகவே தகட்டைத் தாளின் நடுவில் வைக்காமல் வெளிப்பக்கம் தள்ளி அச்சிடுங்கள். இடப்பக்கம், வலப்பக்கம் இரண்டுக்கும் தள்ளும் திசை மாறும். பிரஸ் படுக்கையில் ஒரு தாளில் இரண்டு நிலையையும் கோடிட்டு, மேலே கண்ணாடித்தாள் விரித்து நிரந்தரமாக ஒட்டிவையுங்கள்.

நீர்வண்ணம் தீட்டுவதானால் தைப்பதற்கு முன், தனி இதழாக இருக்கும்போதே. எண்ணெய் மை காய்ந்திருந்தால் நீர்வண்ணம் அதன்மேல் நிற்காமல் வழுகி, எழுத்து தெளிவாகவே இருக்கும்.

---

குறுந்தாள்:

தண்டவாள யோசனை வரைவையே மாற்றச் சொல்கிறது, மாற்றுகிறேன். கடைசியாக: செம்பு, ஃபெரிக் குளோரைடு இரண்டையும் சென்னையில் எங்கே வாங்கலாம்? நைட்ரிக் அமிலம் வேகமாக அரிக்குமாமே, அதற்குப் போகலாமா?

---

தகட்டுக்காரன்:

ஃபெரிக் குளோரைடு ரிச்சி தெருவில், சர்க்யூட் போர்டு சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும். கட்டியாகவோ தூளாகவோ வாங்கினால், தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கரையுங்கள், நன்றாகச் சூடேறும். செம்புத் தகடு பாரிமுனைப் பக்கத்து உலோகக் கடைகளில். உருட்டுத் தழும்பு இல்லாத தகடாகப் பார்த்து எடுங்கள், ரிலீஃப் அச்சில் மேட்டின் தழும்பு அப்படியே வெள்ளைக் கீறலாகத் தெரியும். 600, 1000, 1500 என்று நீர்த்தாள் போட்டு மெருகேற்றிக்கொள்ளலாம். சொந்த பிரஸ் இல்லாதவர்கள் கிரீம்ஸ் சாலை லலித் கலா அகாடமி பட்டறையை விசாரிக்கலாம்.

நைட்ரிக் வீட்டுக்குள் வேண்டாம். செம்போடு சேர்ந்தால் பழுப்பு நச்சுப்புகை வரும், அது நுரையீரலைத் தாக்குவது சில மணி நேரம் கழித்தே தெரியும். வேலைக்கும் அது ஆகாது. குமிழிகள் கோட்டோரம் தங்கி விளிம்பைத் தின்னும், வார்னிஷையும் தூக்கிவிடும். பிளேக் காலத்தில் பலர் அதோடுதான் வேலை பார்த்தார்கள். பறவை இறகால் குமிழியைத் தள்ளிக்கொண்டே உட்கார்ந்திருப்பார்கள்.

ஃபெரிக் குளோரைடுக்கு பிளாஸ்டிக் தட்டுதான். எவர்சில்வரைக்கூட அரிக்கும், துணியிலும் மொசைக் தரையிலும் விழுந்த மஞ்சள் கறை போகாது. கையுறை, கண்ணாடி கட்டாயம். அரித்து எடுத்த தகட்டைக் கழுவியதும் சோடா மாவுக் கரைசலில் ஒருமுறை முக்கினால் கோட்டோரம் மிச்சமிருக்கும் அரிப்பு நிற்கும்.

பழசான கரைசலைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள், அதில் கரைந்திருக்கும் செம்பு மீனுக்கும் நீர்ப்பாசிக்கும் விஷம். பெரிய பக்கெட்டில் (பாதிக்கு மேல் நிரப்பாமல், நுரை பொங்கும்) சலவை சோடாவைச் சிறிது சிறிதாகப் போட்டுக்கொண்டே வாருங்கள். நுரைப்பது நின்று, லிட்மஸ் தாள் நீலமாகிற வரை. ஒரு நாள் விட்டால் சேறு அடியில் தங்கும். மேல்நீரை இறுத்து, சேற்றை உலர்த்தி, மூடிய டப்பாவில் ‘செம்பு உள்ளது’ என்று எழுதி, அபாயக் கழிவு எடுப்பவர்களிடம் கொடுங்கள். சர்க்யூட் போர்டு செய்யும் சிறு பட்டறை பக்கத்தில் இருந்தால் அவர்கள் கழிவோடு சேர்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டுப் பாருங்கள்.